கோட்டின் மேல் பேசக் கூடாது

எர்மான்னோவின் முகாமில் ஒரே ஒரு சட்டம்தான். மாதக்கணக்கில் குளிக்காமல் இருக்கலாம், யாரும் மூக்கைப் பிடிக்க மாட்டார்கள். அடுத்தவன் காலுறையைப் போட்டுக்கொண்டு திரியலாம். சாப்பாட்டு மேசையில் அரசியல் பேசி ஒருத்தரையொருத்தர் கடித்துக் குதறலாம். ஆனால் விமானம் அளவெடுப்பதற்காக வரைபடத்தில் போட்ட கோட்டின் மேல் பறக்கும்போது அதிலிருந்து எவரும் வயர்லெஸ்ஸில் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் ஒரு வாரம் பாத்திரம் கழுவ வேண்டும். அண்டார்டிகாவின் உச்சி மேட்டில் பாத்திரம் கழுவுவதென்றால் குழாயைத் திருகுகிற சமாச்சாரமில்லை. வெளியே போய் இறுகிக் கிடக்கும் பனியை மண்வாரியால் வெட்டிக் கொண்டுவந்து, அடுப்பில் ஏற்றி, அது உருகுகிறவரை காத்திருந்து, அப்புறம்தான் எட்டுப் பேர் தின்ற தட்டைத் தொடலாம்.

சட்டத்துக்குக் காரணம் இருந்தது. விமானத்தின் இறக்கைக்கடியில் தொங்கிய ரேடார் கம்பிகள் பனிக்குள் அலையை இறக்கும். கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் கிடக்கும் பாறையில் அது பட்டுத் திரும்பும்போது ஒரு கொசுவின் முனகல் அளவுக்குக்கூட மிஞ்சாது. அந்த நேரத்தில் பைலட் வயர்லெஸ் பொத்தானை அழுத்திப் பேசினால் தீர்ந்தது கதை. எதிரொலி அடித்துக்கொண்டு போய்விடும். அந்த இடத்தில் படத்தில் வெறும் புழுதி மாதிரி ஒரு பட்டைதான் மிஞ்சும். முகாம் பேசுவதைக் கேட்கலாம், அதனால் ஒன்றும் கெடாது. பதில்தான் சொல்லக் கூடாது.

இவ்வளவு பாடும் எதற்கு? பழைய பனிக்கட்டிக்கு. சும்மா பழசில்லை, பதினைந்து லட்சம் வருஷப் பழசு. ஒவ்வொரு வருஷமும் விழுகிற பனி முந்தைய வருஷத்துப் பனியை அமுக்கி, அன்றைய காற்றையும் குமிழிகளாக உள்ளே பூட்டிக் கீழே தள்ளுகிறது. ஆகவே மிகப் பழையது மிக அடியில். வினையும் அங்கேதான். பனி கம்பளி மாதிரி. தடிமன் ஏற ஏற பூமியின் சூடு வெளியேற வழியில்லாமல் அடியிலேயே தங்கி, அடிப்பனியை உருக்கிவிடும். உருகினால் முதலில் போவது அந்தப் பழசுதான். ரேடார் படத்தில் அடிக்கோடு மங்கலாகத் தெரிந்தால் அடி காய்ந்து உறைந்திருக்கிறது, பிழைத்தோம். பளீரென்று கண்ணாடி மாதிரி தெரிந்தால் அடியில் தண்ணீர், மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

தடிமனும் வேண்டும், அடியும் காய்ந்திருக்க வேண்டும். அப்படி ஓர் இடத்தைத்தான் எர்மான்னோ இருபது வருஷமாகத் தேடினார். இத்தாலியில் மூன்று அமைச்சர்களிடம் சண்டை போட்டார், ஒரு மனைவியை இழந்தார், இரண்டு கால்விரல்களையும் இழந்தார். இந்தக் கோடையில்தான் இடம் கிடைத்தது. அடிப்பாறை மெத்தை மாதிரி மேடிட்டிருந்ததால் அதற்குத் தலையணை என்று பெயர் வைத்தார்கள். இன்னோர் இடமும் இருந்தது. பெயர் மூக்கு. அங்கே பனியின் தடிமன் குறைவு, பத்து லட்சம் வருஷம் தேறினால் அதிகம். "மூக்கைப் பத்தி என்கிட்ட பேசாதீங்க, சளி பிடிச்ச மாதிரி இருக்கு" என்று எர்மான்னோ அதை ஒதுக்கிவிட்டார்.

ரேடாரைக் கவனித்துக்கொள்பவள் ஓர்னெல்லா. படம் எடுப்பதும் படிப்பதும் அவள் வேலை. தலையணைக்கு மேலே போட்ட முக்கியமான கோட்டில், சரியாக நட்ட நடுவில், இரண்டு கிலோமீட்டர் அகலத்துக்கு அந்தப் புழுதிப் பட்டை விழுந்திருந்தது. எர்மான்னோ அதைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். பட்டைக்கு இந்தப் பக்கத்து அடிக்கோட்டையும் அந்தப் பக்கத்து அடிக்கோட்டையும் நேராக இழுத்துச் சேர்த்தார். "ரெண்டு பக்கமும் காய்ஞ்சிருக்கு. நடுவுல மட்டும் எப்படி நனையும்?" என்றார். ஓர்னெல்லாவும் தலையை ஆட்டிவிட்டாள். அந்த ஒரு தலையாட்டல்தான் அன்றிலிருந்து அவள் தொண்டையில் முள்ளாக நின்றது.

தூக்கம் போய்விட்டது. சூரியன் மறையாத ஊரில் தூங்குவதே பெரும்பாடு, இதில் இது வேறு. கண்ணை மூடினால் பட்டையின் ஓரம் வந்து நின்றது. புழுதி தொடங்குவதற்குச் சற்று முன்னால் அடிக்கோடு கொஞ்சம் மட்டமாகிறதா? கொஞ்சம் வெளிச்சமாகிறதா? ஒரு நாள் ஆமாம் என்று தோன்றும், மறுநாள் இல்லை என்று தோன்றும். இதற்கிடையில் கடற்கரையிலிருந்து துளையிடும் இயந்திரத்தை இழுத்துக்கொண்டு டிராக்டர் வரிசை மேட்டில் ஏறி வந்துகொண்டிருந்தது. பாதை பிரியும் இடத்தில் நட்ட கொடியை அவர்கள் அன்று பிற்பகல் அடைவார்கள். இடது பக்கம் தலையணை, வலது பக்கம் மூக்கு. டீசல் ஒரு பக்கத்துக்குத்தான் காணும். அந்தக் குளிரில் இயந்திரத்தை அணைத்துவிட்டுக் காத்திருக்கவும் முடியாது, ஓடவிட்டுக் காத்திருந்தால் டீசல் கரையும். திரும்பிவிட்டால் திரும்பியதுதான். அப்புறம் நாலைந்து வருஷம் துளையிட்டு, அடிக்குப் போய்ப் பார்க்கும்போது அங்கே தண்ணீர் நின்றால்?

அன்று காலை சமையல் கூடாரத்தில் எர்மான்னோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டே ரொட்டியில் தேன் தடவிக்கொண்டிருந்தார். ஓர்னெல்லாவின் முன்னால் காபி ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

"என்ன ஓர்னெ, என் காபிக்கு வந்த மரியாதை இதுதானா?" என்றான் நெவியோ. காபிக்குப் பேர்போன த்ரியெஸ்தே ஊர்க்காரன். சமையலும் அவன்தான், வயர்லெஸ்ஸும் அவன்தான், வானிலை பார்த்து எழுதுவதும் அவன்தான். "அந்தா பாரு, காலையில மட்டும் குடிக்க வேண்டிய பால் காபியை அந்தக் கனடாக்காரன் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறமும் கேக்குறான். அந்தக் காட்டுமிராண்டியையே பொறுத்துக்கறேன். நீ இப்படிப் பண்ணலாமா?"

"பால் காபி குடிச்சவன்தான் உங்களையெல்லாம் பத்திரமா தரையிறக்குறான், மறந்துராத" என்றார் லாய்ட், தட்டிலிருந்து தலை தூக்காமல். விமானத்தின் பைலட். கனடாவின் சஸ்காச்சவனில் கோதுமை வயல்களுக்கு மேல் மருந்தடித்துப் பழகியவர். பேச்சு குறைவு, பேசினால் குத்தும்.

ஓர்னெல்லா கோப்பையைத் தள்ளி வைத்தாள். "புரொபசர், தலையணை மேல இன்னொரு தடவை பறக்கணும்."

பாட்டு நின்றது. "எதுக்கு?"

"அந்தப் பட்டைக்கு."

"அதைத்தான் சேர்த்தாச்சே!"

"நீங்க பென்சிலால சேர்த்தீங்க புரொபசர். கீழ அது சேர்ந்திருக்கான்னு எனக்குத் தெரியல. பட்டையோட ஓரத்துல எதிரொலி வெளுத்த மாதிரி இருக்கு."

"வயர்லெஸ் கசிவு! பொத்தானை அழுத்தினா ஓரமும் கொஞ்சம் வெளுக்கும், இது பச்சைக் குழந்தைக்கும் தெரியும்." எர்மான்னோவின் முகம் சிவந்துவிட்டது. கத்தியை மேசையில் போட்டார். "இத்தனை நாள் சும்மா இருந்துட்டு, வண்டி கொடிகிட்ட வர்ற அன்னைக்கா உனக்கு ஞானோதயம்? ரோமுக்குச் சொல்லியாச்சு. பத்திரிகைக்காரனுக்குச் சொல்லியாச்சு. இப்பப் போயி, மன்னிக்கணும், நடுவுல ஒரு ஓட்டைன்னு சொல்லச் சொல்றியா?"

"இத்தனை நாள் சும்மா இருந்தது என் தப்புதான். பயந்துட்டேன். அதுக்காக இன்னைக்கும் சும்மா இருக்கணுமா?"

வேறெங்கும் வேலை கிடைக்காமல் அலைந்த காலத்தில் அவளைக் கூப்பிட்டு வேலை கொடுத்தவர் அவர். அவரிடம் இப்படிப் பேசுவது, பெற்ற அப்பாவின் கையைத் தட்டிவிடுவது போல அவளுக்கு இருந்தது.

எர்மான்னோ வேறு பக்கம் பாய்ந்தார். "எல்லாம் எவனோ ஒருத்தன் கோட்டு மேல வாயைத் திறந்ததால வந்த வினை! பாத்திரம் கழுவினா மட்டும் போதுமா? மண்டையில உறைக்க வேணாம்?"

நெவியோ காலிப் பானைக்குள் எதையோ தேடத் தொடங்கினான். பட்டை விழுந்த அந்த வாரம் பாத்திரம் கழுவியவர் லாய்ட். முணுமுணுக்காமல், ஏழு நாளும், பனியை வெட்டிக் கொண்டுவந்து கழுவினார். அவர் இப்போது ரொட்டியை மென்று விழுங்கி முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"கேள்வி கேட்டா பதில் சொல்லணும்ல, புரொபசர்?"

"யார் கேட்டா?"

மூன்று பேரும் அவரைப் பார்த்துவிட்டு உடனே பார்வையை விலக்கிக்கொண்டார்கள். அன்றைக்கு விமானம் தலையணைக்கு மேல் போகிற நேரத்தைக் கணக்குப் பண்ணிக்கொண்டு, நெவியோவின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கியவர் அவரேதான். "தெரியுதா? தெரியுதா லாய்ட்? மேல வந்துட்டீங்களா?" என்று குழந்தை மாதிரி கேட்டார். தலைவரே கேட்கிறாரே என்று லாய்டும் பொத்தானை அழுத்தி, மேலேதான் இருக்கிறோம், இன்னும் கொஞ்ச தூரம் இருக்கிறது என்று பொறுமையாகச் சொன்னார். அந்தப் பதில்தான் பட்டையாகப் படத்தில் விழுந்தது.

எர்மான்னோவுக்கு நினைவு வந்தது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் மனுஷன் விடுவாரா?

"நான் கேட்டேன். பதில் சொல்லச் சொன்னேனா?"

நெவியோ பானைக்குள்ளேயே சிரித்துவிட்டான். எர்மான்னோ சிரிக்கவில்லை. ஜன்னலுக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வெளியே எப்போதும் போல வெள்ளை, அதற்கு மேல் நீலம்.

"எண்ணெய் இருக்கா லாய்ட்?"

"ஒரு தடவை போய்ட்டு வர்றதுக்கு இருக்கு. அதுக்கு மேல எடுத்தா நாம கடற்கரைக்கு நடந்துதான் போகணும். அப்புறம், வடக்கே அடிவானம் பால் கலந்த மாதிரி இருக்கு. எனக்குப் பிடிக்கல. ஆனா போலாம், இப்பவே கிளம்பினா."

எர்மான்னோ திரும்பாமலேயே சொன்னார். "போய்த் தொலைங்க. ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சுச்சுன்னா இந்தப் பருவம் முடியற வரைக்கும் பாத்திரம் உன்னோடது, ஓர்னெல்லா."

"சரி புரொபசர்."

அவளுக்கு அந்தப் பாத்திரங்கள் வேண்டும். அவ்வளவையும் கழுவக் கிடைத்தால் பாக்கியம் என்று நினைத்துக்கொண்டே காலணிகளை மாட்டினாள்.

விமானத்தில் இரண்டே பேர். லாய்ட் முன்னால், ஓர்னெல்லா பின்னால் ரேடார் பெட்டிகளுக்கு நடுவே, கால் நீட்ட இடமில்லாமல். இந்தக் கோடை முழுக்க உட்கார்ந்த இடம்தான், இன்று முள் மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. பெட்டியைச் சோதித்தாள். கம்பிகளைச் சோதித்தாள். மறுபடியும் பெட்டியைச் சோதித்தாள்.

"ஏம்மா, அது நல்லாத்தான் இருக்கு. தொட்டுத் தொட்டே கெடுத்துராத" என்றது காதுக்கருவியில் லாய்டின் குரல். உள்ளுக்குள் பேசிக்கொள்ளும் கம்பி வேறு, அதில் பேசினால் எதுவும் கெடாது.

"பயமா இருக்கு லாய்ட்."

"தண்ணி இருக்கும்னா, இருக்காதுன்னா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். இருந்தால் எர்மான்னோவின் இருபது வருஷம் போகும். இல்லாவிட்டால் அவள் ஒரு கிறுக்கச்சி, கடைசி எண்ணெயைக் கரைத்தவள் என்று பெயர் நிற்கும். "ரெண்டுக்கும்" என்றாள்.

கோடு தொடங்கும் இடத்துக்கு வந்ததும் லாய்ட் விமானத்தைத் தாழ்த்தி, பொத்தானை அழுத்தினார். "முகாம், கோட்டுக்குள்ள போறோம். இனிமே பேச மாட்டோம்."

"நல்லது, வாயை மூடிக்கிட்டுப் போய்ட்டு வாங்க" என்றான் நெவியோ.

படம் திரையில் ஒரு பக்கத்திலிருந்து ஊர்ந்து வரத் தொடங்கியது. மேலே பனியின் மேற்பரப்பு, அதற்குக் கீழே அடுக்கடுக்காகச் சாம்பல் வரிகள், எல்லாவற்றுக்கும் கீழே மங்கலாக அடிக்கோடு. நல்ல அடி. காய்ந்த அடி. ஓர்னெல்லா கண் இமைக்காமல் பார்த்தாள். பட்டை விழுந்த இடத்துக்கு இன்னும் பாதிக் கோடு போக வேண்டும்.

அப்போதுதான் நெவியோவின் குரல் வந்தது. விளையாட்டில்லாத குரல்.

"விமானம், முகாம் பேசறேன். மூட்டம் வந்துருச்சு. வடக்கேயிருந்து சட்டுனு ஏறிருச்சு. ஓடுபாதைக் கொடியில பாதி கண்ணுக்குத் தெரியல. உடனே திரும்புங்க. கேட்டுச்சுன்னா பதில் சொல்லுங்க."

லாய்டின் கட்டைவிரல் பொத்தானுக்குப் போவதை அவள் பின்னாலிருந்து பார்த்தாள்.

"லாய்ட், வேண்டாம்!"

"ஏம்மா, வானிலை சொன்னா பதில் சொல்லியாகணும். இது பாத்திரம் கழுவுற சமாச்சாரமில்ல."

"இன்னும் கொஞ்ச தூரம்தான். இப்ப அழுத்தினா போச்சு. மறுபடி வர எண்ணெய் இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

கட்டைவிரல் பொத்தானின் மேல் நின்றது. அழுத்தவில்லை, எடுக்கவும் இல்லை.

"விமானம், முகாம். கேக்குதா? பதில் சொல்லுங்க. ஓர்னெ? லாய்ட்?" நெவியோவின் குரல் ஏறிக்கொண்டே வந்தது. "மடோன்னா, மாதாவே, யாராவது பதில் சொல்லுங்களேன்!"

எவ்வளவு நேரம் பதில் வராவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது முகாமில் எல்லோருக்கும் மனப்பாடம். கடற்கரை நிலையத்தைக் கூப்பிட்டு, விமானம் விழுந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். நெவியோதான் அதைச் சொல்ல வேண்டி வரும். அடுப்பும் அணைக்காமல், காதுக்கருவியைக் கையால் அமுக்கிக்கொண்டு அவன் நிற்பது ஓர்னெல்லாவின் கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு சொல் சொன்னால் அவன் நிம்மதியாக உட்காருவான். அந்த ஒரு சொல்லைத்தான் சொல்ல முடியாது.

"அழுதுருவான் போலிருக்கே" என்றார் லாய்ட். அவர் குரலும் இயல்பாக இல்லை. "இதோ பாரு, நான் முப்பது வருஷமாப் பறக்கறேன். வானிலைக் கூப்பாட்டுக்குப் பதில் சொல்லாம இருந்ததே இல்ல."

"இறங்க முடியாமப் போயிருமா? உண்மையைச் சொல்லுங்க."

"முகாம்ல இறங்க முடியாது. இந்த மேட்டுல வேற எங்க வேணும்னாலும் இறங்கலாம், நமக்குப் பனிச்சறுக்குக் கால் இருக்கு, இங்க வெயிலடிக்குது. நமக்கு ஆபத்தில்ல. அவங்களுக்குத்தான் அது தெரியாது."

திடீரென்று வயர்லெஸ்ஸில் இழுபறிச் சத்தம் கேட்டது. "கொடு இங்க" என்று யாரோ சொன்னார்கள். அப்புறம் எர்மான்னோவின் குரல்.

"லாய்ட். ஓர்னெல்லா. பதில் சொல்லாதீங்க."

லாய்ட் சட்டென்று பின்னால் திரும்பி ஓர்னெல்லாவைப் பார்த்தார்.

"கேக்குதா? நான் கேள்வி கேக்கறேன்னு நெனச்சு பதில் சொல்லிராதீங்க. நீங்க எங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும், கடிகாரம் என் கையில இருக்கு. இன்னும் அந்த இடம் வரல." தொண்டையைச் செருமினார். "நீங்க கோட்டு மேல இருக்கீங்கன்னு நான் வச்சுக்கறேன். நல்லா இருக்கீங்கன்னு வச்சுக்கறேன். நெவியோவ கடற்கரைக்குப் பேச விடமாட்டேன், கோடு முடியற நேரம் வரைக்கும். இங்க வராதீங்க, இங்க ஒண்ணும் தெரியல. வெயில் இருக்கற இடத்துல இறங்கிக்கங்க. அடுப்பும் சாப்பாடும் பெட்டியில இருக்கு. அவ்வளவுதான். வாயை மூடிக்கிட்டுப் போங்க."

லாய்ட் கட்டைவிரலை எடுத்துவிட்டார். இரண்டு கையாலும் சுக்கானைப் பிடித்தார். விமானம் நூல் பிடித்த மாதிரி போனது.

எர்மான்னோ பேச்சை நிறுத்தவில்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று சொன்னார், கொடிகளில் எது தெரிகிறது எது தெரியவில்லை என்று சொன்னார், நெவியோ பொலெந்தாவை, அந்தச் சோளமாவுக் களியை, அடிப்பிடிக்க விட்டுவிட்டான் என்று புகார் சொன்னார். பயந்த மனுஷன் இருட்டில் பேசிக்கொண்டே நடப்பாரே, அந்தப் பேச்சு. நடுநடுவே, ஒரு கேள்வி வாய்வரை வந்து அவர் விழுங்குவதும் கேட்டது. தெரியுதா என்று அவர் கேட்கவே இல்லை.

பட்டை விழுந்திருந்த இடம் வந்தது.

அடிக்கோடு முதலில் மட்டமானது. பிறகு வெளுத்தது. பிறகு, யாரோ இருட்டுக்குள் டார்ச் விளக்கைப் போட்ட மாதிரி பளீரென்று எரிந்தது. மேசைப் பலகை மாதிரி சமம். ஏரி. மூன்று கிலோமீட்டர் பனிக்கடியில், ஒரு கரையிலிருந்து மறு கரைவரை தெள்ளத்தெளிவாக ஓர் ஏரி. அதற்கு மேலே கடைசி அடுக்குகள் தண்ணீரை நோக்கி வளைந்து தொங்கின. பதினைந்து லட்சம் வருஷமும் கீழே ஒழுகிப் போய்விட்டிருந்தது. அப்புறம் அடிக்கோடு மறுபடி மங்கியது. அன்றைக்கு அந்த ஒரு பதிலுக்கு ஆன நேரம் எவ்வளவோ, அவ்வளவுதான் அந்த ஏரியின் அகலம்.

ஓர்னெல்லா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். தான் நினைத்தது சரி என்று ஒரு துளி சந்தோஷம்கூட வரவில்லை. ஐயோ பாவம், ஐயோ பாவம் என்று மட்டும் மனசு அடித்துக்கொண்டது. காதுக்கருவியில் அந்தப் பாவப்பட்ட மனுஷன் இன்னும் பொலெந்தாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

கோடு முடிந்ததும் லாய்ட் கழுத்தைத் திருப்பாமல் சொன்னார். "பொத்தான் உன்னோடது. நீயே சொல்லு."

அவள் அழுத்தினாள். "முகாம், ஓர்னெல்லா பேசறேன். கோடு முடிஞ்சுது."

"நல்லா இருக்கீங்களா? அதை மொதல்ல சொல்லு."

"நல்லா இருக்கோம் புரொபசர். ரெண்டு பேரும் நல்லா இருக்கோம்."

அந்தப் பக்கம் நெவியோ ஓவென்று கத்துவது கேட்டது. அது அடங்கியது. எர்மான்னோ கேட்கட்டும் என்று ஓர்னெல்லா காத்திருந்தாள். அவர் கேட்கப் போவதில்லை என்று புரிய அவளுக்குச் சற்று நேரமானது.

"புரொபசர், தண்ணி."

"எவ்வளவு?"

"பட்டை இருந்த அவ்வளவும். கரைக்குக் கரை. சந்தேகமே இல்ல."

மூட்டத்துக்குள் அந்தக் கூடாரத்தில் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. காதில் விழுந்தது இவ்வளவுதான்: நாற்காலி நகரும் சத்தம், பிறகு எர்மான்னோவின் குரல், பெரிய வயர்லெஸ்ஸில், டிராக்டர்காரர்களிடம். "கொடிகிட்ட வந்துட்டீங்களா? வலது பக்கம் திரும்புங்க. ஆமா, வலது. மூக்குக்கு. நான்தான் சொல்றேன். காரணம் சாயங்காலம் சொல்றேன், இப்பத் திரும்புங்க."

லாய்டும் ஓர்னெல்லாவும் வெயிலடிக்கிற இடமாகப் பார்த்து இறங்கினார்கள். என்ஜின்களுக்குக் கம்பளி போர்த்திவிட்டு, மூட்டம் விலகும்வரை விமானத்துக்குள் சூப் காய்ச்சிக் குடித்துக்கொண்டு கிடந்தார்கள். லாய்ட் குறட்டை விட்டார். ஓர்னெல்லாவுக்கு, எத்தனையோ நாளைக்குப் பிறகு, தூக்கம் வந்தது. தூங்கி எழுந்ததும் அழுகையும் வந்தது.

மறுநாள் முகாமுக்கு வந்தபோது ஓடுபாதையில் எல்லோரும் நின்றார்கள், எர்மான்னோவைத் தவிர. நெவியோ அவளைக் கட்டிப்பிடித்து, முதுகில் நாலு அடி போட்டு, "இனிமே என்கிட்ட இப்படி விளையாடின, காபியில உப்புதான்" என்றான். லாய்டுக்குப் பிற்பகலாகியும் பால் காபி தயாராக இருந்தது.

"புரொபசர் எங்க?"

நெவியோ சமையல் கூடாரத்தைக் கண்ணால் காட்டினான்.

எர்மான்னோ உள்ளே முழங்கைவரை சட்டையை மடித்துக்கொண்டு, அடிப்பிடித்த பொலெந்தாப் பானையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உருகிக்கொண்டிருக்கும் பனி ஒரு அண்டா. இரண்டு விரல் இல்லாத காலுக்கு வாகாக ஒரு பெட்டியின் மேல் சாய்ந்து நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

"படத்தைக் காட்டு."

அவள் கணினியைத் திறந்து பிடித்தாள். ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அந்தப் பளீரென்ற கோட்டை விரலால் ஒரு கரையிலிருந்து மறு கரைவரை தடவினார். அவர் கண் கலங்கியதை அவள் பார்த்தாள், பார்க்காத மாதிரி இருந்தாள்.

"அழகான ஏரி" என்றார். "இதுக்கு மேல ஒரு முட்டாப்பய பென்சிலால கோடு போட்டான்."

"புரொபசர், பானையைக் கொடுங்க, நான்..."

"கையை எடு. ஏழு நாள். லாய்ட் கழுவினதை நான் கழுவி முடிக்கணும்."

மூன்றாம் நாள், அவர் தட்டுகளோடு மல்லாடிக்கொண்டிருந்தபோது, டிராக்டர்காரர்கள் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார்கள். மூக்குக்கு வந்துவிட்டார்கள். எங்கே நிறுத்துவது, எந்த இடத்தில் கூடாரம் அடிப்பது, சரியான இடத்தைச் சொல்லுங்கள் என்றார்கள். நெவியோ மைக்கை எர்மான்னோவிடம் நீட்டினான். அவர் சோப்பு நுரை படிந்த இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார்.

"என்னால அழுத்த முடியாது. அவகிட்டக் கொடு."

"புரொபசர், இடத்தை நீங்கதான்..." என்று தொடங்கினாள் ஓர்னெல்லா.

"கேள்வி கேக்கறாங்கல்ல? பதில் சொல்லு."

அவள் மைக்கை வாங்கினாள். மூக்கின் படங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் ஓட்டினாள். குறுக்கே போன கோடு, நெடுக்கே போன கோடு, ஒன்றையொன்று வெட்டுகிற இடம். அடி மங்கலாக, காய்ந்து, எங்கும் அறுபடாமல் போனது. பத்து லட்சம் வருஷம்தான். அதற்கு மேல் இல்லை. அவருக்கும் அது தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் அந்தப் படங்களில் எங்கேயும் பென்சில் படவில்லை.

அண்டாவில் தட்டுகள் மோதும் சத்தம் நின்றிருந்தது. அவள் பொத்தானை அழுத்தி இடத்தைச் சொன்னாள்.